வண்டியின் வேகமும் ஒரு முழம் துணியும்

போன வாரம் ஆரிஃப் போன் செய்தான். நான் ஓய்வு பெற்று வந்த பனியன் கம்பெனியில் இப்போது மெயின்டனன்ஸ் பார்ப்பவன் அவன்தான். அவன் பெயர் போனில் வந்தாலே போதும், நான் கடைசியாக முடுக்கிய ஏதோ ஒரு நட்டு கழன்று யார் தலையிலோ விழுந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது, அந்த நட்டை இதற்குள் வேறு யாராவது தொட்டிருப்பார்கள் என்கிற புத்தி பிற்பாடுதான் வரும்.

“ஒண்ணும் ஆகலீங்கண்ணா,” என்றுதான் அவனும் ஆரம்பித்தான். என்னோடு பழகியவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். “நம்ம பெட்ரோல் வண்டி மூணையும் பொங்கலூர்ல ஒரு கோழிப்பண்ணைக்காரர் எடுத்துக்கறாருங்க. வேகம் எப்படி வெக்கறதுன்னு எழுதிக் குடுத்தாத்தான் எடுப்பேங்கறார். இங்க உங்களை விட்டா யாருக்குங்க தெரியும்?”

“எழுதறேன். நாளைக்கு எதாச்சும் ஆயிப்போச்சுன்னா என் கையெழுத்தக் காட்டுவாங்களா?”

“கையெழுத்தே வேண்டாமுங்கண்ணா. எழுதிக் குடுங்க, போதும்.”

கம்பெனியில் இப்போது எல்லாம் பேட்டரி வண்டி. ஆரிஃப் கைபேசியில் விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் வண்டியின் வேகம் குறைகிறது. எனக்கு அதிலும் ஒரு கவலை உண்டு, போன் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வான் என்று. ஆனால் அது என் கவலை இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஒரு பக்கம் எழுதத்தான் உட்கார்ந்தேன். இழுத்துக்கொண்டே போகிறது.

நான் ஏழாவதோடு நின்றவன். கணக்கு வாத்தியார் கரும்பலகைக்குக் கூப்பிட்டுவிடுவாரோ என்கிற பயத்திலேயே பள்ளிக்கூடத்தை விட்டேன். உள்ளதைச் சொன்னால் அவர் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பிறகு பெருமாநல்லூரில் ஒரு மொபட் பட்டறையில் எட்டு வருஷம். அங்கே கற்றது இரண்டு: எந்த இன்ஜினும் காற்றும் பெட்ரோலும் பொறியும் கிடைத்தால் ஓடும், ஓடினாலும் நமக்குத் தூக்கம் வராது. அதற்கப்புறம் பனியன் கம்பெனி. ஜெனரேட்டர், கம்ப்ரஸர், தண்ணீர் மோட்டார் என்று காலம் ஓடியது.

கம்பெனி பெருகி, நிட்டிங், சாயம், கட்டிங், பேக்கிங் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் வந்தபோது துணி ரோல்களைத் தள்ளுவண்டியில் தள்ளிக் கட்டுபடியாகவில்லை. முதலாளி எங்கேயோ ஒரு கோல்ஃப் மைதானத்தில் கழித்த மூன்று பெட்ரோல் வண்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாலு சக்கரம், முன்னால் இரண்டு பேர் உட்கார ஒரு சீட்டு, பின்னால் பொருள் ஏற்ற ஒரு தொட்டி, சீட்டுக்கு அடியில் இன்ஜின். அதில் ஒரு விசேஷம்: மிதித்தால்தான் இன்ஜினே ஓடும், காலை எடுத்தால் இன்ஜினும் நின்றுவிடும். என்னைப் போன்றவனுக்கு இதைவிட நிம்மதியான வண்டி கிடையாது என்று நினைத்தேன். மைதானத்தில் ஓடிய வேகம் நம் காம்பவுண்டுக்குள் ஆகாது, குறைக்க வேண்டும் என்று என்னிடம் ஒப்படைத்தார்கள்.

ஒப்படைத்தவர் மேனேஜர் சிவசாமி. அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சிவசாமி சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஹெல்ப்பர் பெண்களைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். ‘செய்’ என்கிற வார்த்தையே அவர் வாயில் வராது. “செஞ்சா நல்லா இருக்குமுங்க” என்றால் இன்றைக்குள் முடிய வேண்டும். “செஞ்சிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க” என்றால் நேற்றே முடிந்திருக்க வேண்டும். “பாத்துக்கலாமுங்க” என்றால் அது நடக்காது. எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது ஒன்று உண்டு. நம் பக்கத்தில் வந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் துடைத்துக்கொண்டே, “ஏனுங்க, சாப்டீங்களா?” என்பார். அதைக் கேட்டவன் வேலை போயிற்று, அல்லது பிரிவு மாறிற்று. அத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் அவர் தூரத்தில் வந்தாலே நான் டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வேன், கேட்டால் சாப்பிட்டாயிற்று என்று சொல்லத் தயாராக.

இனி கோழிப்பண்ணைக்காரர் கேட்ட விஷயம்.

இன்ஜினோடு கவர்னர் என்று ஒன்று இருக்கிறது. ஓட்டுகிறவர் எவ்வளவுதான் மிதித்தாலும் ஒரு வேகத்துக்கு மேல் போகவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அந்த வேகம் எது என்று முடிவு செய்வது, கவர்னர் லிவரை இழுத்துப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கை முடுக்கினால் வேகம் கூடும், தளர்த்தினால் குறையும். அவ்வளவுதான். ஆனால் நேராக ஸ்பிரிங்கில் கை வைக்கக் கூடாது. முதலில் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். (நான் நாலு சக்கரத்துக்கும் கொடுப்பேன். இரண்டுக்குக் கொடுத்தால் போதும்.) அடுத்து ஏர் ஃபில்டர். பனியன் கம்பெனியில் காற்றைவிடப் பஞ்சு அதிகம். அடைத்துக்கொண்டிருந்தால் எந்த அளவும் சரியாக வராது. பிறகு பெடல் கேபிள்: காலை எடுத்ததும் முழுசாகத் திரும்புகிறதா, நடுவில் துளி லூஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் சூடேறப் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு, முழுசாக மிதித்துப் பிடித்து, மீட்டர் வைத்துச் சுற்று எண்ணிக்கை பார்க்க வேண்டும். லாக் நட்டை இளக்கி, அட்ஜஸ்ட் நட்டைக் கால் திருப்பு. மறுபடி மீட்டர். இன்னொரு கால் திருப்பு. எண் சரியாக வந்ததும் லாக் நட்டை முடுக்கி, முடுக்கியதில் அளவு நகர்ந்திருக்கிறதா என்று கடைசியாக ஒரு தரம் பார்த்து, ரிஜிஸ்டரில் கையெழுத்து.

நான் கடைசியாக மூன்று தரம் பார்ப்பேன். சீட்டை மூடியபிறகு திறந்து நாலாவது தரம். என் மனைவி சொல்வாள்: “கதவப் பூட்டறதுக்கு அஞ்சு நிமிசம், திரும்பி வந்து இழுத்துப் பாக்கறதுக்கு அரை மணி நேரம். உங்களோட ஒரு கல்யாணத்துக்கு நேரத்துல போயிருக்கறமா?”

இத்தனை பார்த்தும் ஒரு தரம் லாக் நட்டு கழன்றது.

வெளிநாட்டு வாங்குபவர்கள் இரண்டு பேர் வந்திருந்த நாள். முதலாளியே அவர்களை வண்டியில் உட்காரவைத்து நிட்டிங் பக்கம் அனுப்பினார். பாதி வழியில் நட்டு இளகி, ஸ்பிரிங் தளர்ந்து, வண்டி ஊர ஆரம்பித்தது. நிற்கவும் இல்லை, போகவும் இல்லை. கட்டிங் பெண்கள் டீக்குப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் வண்டியைத் தாண்டிப் போனார்கள். ஒரு பெண் திரும்பிப் பார்த்து, “என்னுங்க, சாமி ஊர்வலமா?” என்று கேட்டாள். கடைசியில் வெள்ளைக்காரர்கள் தாங்களே இறங்கி, வண்டிக்குப் பக்கத்தில் நடந்தார்கள். நடந்தபடி டிரைவரோடு கைகுலுக்கினார்கள். வண்டி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

சிவசாமி சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தார். “வண்டி இன்னைக்கு விருந்தாளிகளுக்கு ரொம்ப மரியாதை குடுத்துருச்சுங்க,” என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். நான் அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் ஒரு காரியம் செய்தேன். மூன்று வண்டிகளிலும், லாக் நட்டு மறுபடி இளகினாலும் லிவர் பின்வாங்காமல் இருக்க, கவர்னர் லிவரையும் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து ஒரு முழம் துணியைக் கயிறு மாதிரி முறுக்கிக் கட்டினேன். இழுக்காதபடி கொஞ்சம் தொய்வாகத்தான் கட்டினேன். துணிக்கு என்ன பஞ்சம்? நிட்டிங்கிலிருந்து கை துடைக்க வரும் வேஸ்ட் துணி ஷெட்டில் மூட்டையாகக் கிடந்தது. இந்தப் பக்கத்தில் கசிகிற பைப்பிலிருந்து காலில் பட்ட காயம் வரை எல்லாவற்றுக்கும் அதுதானே மருந்து. எந்தப் புத்தகத்திலும் போடாத வேலை. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஆறு மாதம் கழித்துத்தான் ஈஸ்வரி வண்டி ஓட்ட வந்தாள். செக்கிங் டேபிளில் பன்னிரண்டு வருஷம் குனிந்து நின்று துணியில் ஓட்டை தேடியவள். கழுத்து பிடித்துக்கொண்டு, இனி குனிந்து நிற்கிற வேலை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் வீடு நடக்காது. அவளே சிவசாமியிடம் போய், “அந்த வண்டிய நான் ஓட்டறேனுங்க சார்,” என்று கேட்டாள். அவர் “பாத்துக்கலாமுங்க” என்றார். அதன் அர்த்தம் தெரியாமல் அவள் தினமும் போய், “பாத்துட்டீங்களா சார்?” என்று கேட்டாள். பத்தாம் நாள் சாவியைக் கொடுத்துவிட்டார். சிவசாமியின் ‘பாத்துக்கலாம்’ ஒன்று நடந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

அவளுக்குக் கொடுத்தது, அதுவரை உபரியாக ஷெட்டில் நின்ற இரண்டாம் நம்பர் வண்டி. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்குத் துணி கொண்டுபோகிற வழி. மற்ற இரண்டு வண்டிகளும் கட்டிங்குக்கும் பேக்கிங்குக்கும் ஓடின. ஒரே வாரத்தில் புகார் வந்தது. ஈஸ்வரி பறக்கிறாள். வளைவில் நூல் கோன் தள்ளுவண்டியை இடித்து, கோன்கள் கேண்டீன் வாசல் வரைக்கும் உருண்டன. வண்டியை உள்ளே வரவழைத்தேன். வழக்கம்போல் முதலில் என் துணியை வெட்டி எடுத்தேன், அது நட்டுக்குக் குறுக்கே இருந்ததால். பிறகு மீட்டர் வைத்தேன். எண் அச்சாக இருந்தது. புதுத் துணி ஒன்றைக் கட்டி, ரிஜிஸ்டரில் ‘வண்டியில் குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“அப்ப எம்மேல தான் குறைங்களா அண்ணா?” என்று கேட்டாள் ஈஸ்வரி.

“மெதுவா மிதி சாமி.”

“எல்லாரும் முழுசாத்தானுங்க மிதிக்கறாங்க. பிடிச்சு நிறுத்தறது வண்டி வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னவன் நான்தான். மூன்று நாள் வண்டி ஒழுங்காக ஓடியது. நாலாம் நாள் மறுபடி பறந்தது. இந்தத் தரம் பீகார்ப் பையன் ஒருவன், “ஹட்டோ பையா, ஹட்டோ!” என்று ஈஸ்வரி இந்தியில் விலகச் சொல்லிக் கத்துவதைக் கேட்டு ஒதுங்கப் போய், சாயத் தண்ணீர்க் கால்வாயில் இறங்கி முழங்கால் வரை நீலமாக ஏறினான். அடி ஒன்றும் இல்லை. ஆனால் நாலு நாள் அவன் கேண்டீனுக்கு வரும்போதெல்லாம் ஒரு கூட்டம் நீலச் சாமி வருகிறார் என்று எழுந்து நின்று கும்பிட்டது.

மறுபடி துணியை வெட்டினேன், மீட்டர் வைத்தேன், எண் சரி. மறுபடி கையெழுத்து. மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். “பொம்பளைக்கு வண்டி குடுத்தா அப்படித்தான்” என்று ஒருவன் சொன்னான். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. குறை வண்டியில் இல்லை, காலில்தான் என்றால் நான் தப்பித்தேன் அல்லவா? இதை எழுதக் கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை. இரண்டு தரம் போட்ட என் கையெழுத்துதான் அவளுக்கு எதிராக நின்றது, வேறு சாட்சியே இல்லை.

மூன்றாவது புகார் வந்த அன்று மத்தியானம் சிவசாமி ஷெட்டுக்கு வந்தார். ஈஸ்வரி அங்கேதான் நின்றிருந்தாள். அவர் பேனாவை எடுத்துத் துடைத்தார்.

“சாப்டீங்களா கண்ணு?”

என் கை தானாக டிபன் பாக்ஸைத் தேடியது. அவளுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியாது.

“இன்னும் இல்லீங்க சார். ஒரு ட்ரிப் பாக்கி இருக்குது.”

“செக்கிங்ல ஒரு டேபிள் காலியா இருக்குதுங்க...”

அவளுக்குப் புரிந்துவிட்டது. கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “சரிங்க சார். போறேன். ஆனா போறதுக்கு முன்னால நீங்க ஒரு ட்ரிப் எங்கூட வரோணும். என் கால நீங்களே பாருங்க. அண்ணனும் வரட்டும்,” என்றாள்.

பெண்பிள்ளை நேருக்கு நேராகக் கூப்பிடும்போது மாட்டேன் என்று சொல்ல அவருடைய மரியாதை இடம் கொடுக்கவில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் துணி ரோல்களின் மேல், ஒரு கையில் மீட்டரைப் பிடித்தபடி.

போகும்போதே வேகம்தான். சாயப்பட்டறை வாசலில் எப்போதும் ஒரு குட்டை தேங்கி நிற்கும். அதில் சளக்கென்று இறங்கி ஏறினோம். ஆவிக்குள் புகுந்து, ரோல்களை இறக்கி, காலிக் குழாய்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பாய்லரைத் தாண்டினால் நேர்ப்பாதை. ஈஸ்வரி முழுசாக மிதித்தாள். வண்டி ஒரு குதி குதித்தது.

“கண்ணு,” என்றார் சிவசாமி, முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு. “கொஞ்சம் மெதுவாப் போனா நல்லா இருக்குமுங்க.”

“இதா, எல்லாரும் மிதிக்கற மாதிரித்தானுங்க சார் மிதிச்சிருக்கறேன். பாத்துக்குங்க.”

“பாத்துட்டனுங்க. நல்லாப் பாத்துட்டனுங்க.” செக்யூரிட்டி ஒருவர் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினார், சல்யூட் முடிவதற்குள் நாங்கள் அவரைத் தாண்டியிருந்தோம். “ஏனுங்க... இப்ப நிறுத்துனா... நல்லா இருக்குமுங்க...”

பின்னால் காலி ரோல் குழாய்கள் என்மேல் உருண்டன. நான் மீட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் குலதெய்வத்தையும், தெரிந்த மற்ற தெய்வங்களையும் கூப்பிட்டேன்.

“நிறுத்து!” என்றார் சிவசாமி.

‘ங்க’ இல்லாமல். என் காதால் கேட்டேன். ஈஸ்வரி காலை எடுத்தாள், வண்டி நின்றது. அவர் இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, “மன்னிச்சுக்கோங்க, சத்தம் வந்துருச்சு,” என்றார்.

ஷெட்டில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சீட்டைத் தூக்கினேன். கை பழக்கத்தில் கத்தரிக்கோலை எடுத்துத் துணிக்குக் கொண்டுபோனது.

“அது என்னங்க?” என்றார் சிவசாமி.

“அது... நான் கட்டினதுங்க. ஒரு பயத்துக்கு.”

“எப்பவும் அதை வெட்டிட்டுத்தான் அளப்பீங்களா?”

“ஆமாங்க. குறுக்க நிக்குதுங்க.”

“இன்னைக்கு வெட்டாம அளந்தா நல்லா இருக்குமுங்க.”

நியூட்ரலில் போட்டு ஈஸ்வரி மிதித்தாள். மீட்டர் முள் எண்ணைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. அவர் கத்தரிக்கோலை என் கையிலிருந்து வாங்கி, தானே துணியை வெட்டினார். டங்கென்று லிவர் தளர்ந்தது. முள் இறங்கி வந்து, நான் இரண்டு தரம் கையெழுத்துப் போட்ட அதே எண்ணில் நின்றது.

ஈஸ்வரி இறங்கி வந்து அந்தத் துணியைக் கையில் எடுத்தாள். முறுக்கைப் பிரித்தாள். இரண்டு விரலால் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் துணியை மட்டுமே பார்த்த கண்.

“இது கிரே துணிங்க சார். சாயத்துக்கும் போகாதது, முன்னாலயே சுருக்கி விடற காம்பாக்டிங்குக்கும் போகாதது. மெஷின்ல இருந்து இறங்கினபடி அப்படியே. குட்டைல தினமும் நனைஞ்சிருக்குது, இன்ஜின் சூட்டுல காஞ்சிருக்குது. சுருங்கிச் சுருங்கி, ஸ்பிரிங்கை முடுக்கின மாதிரி லிவரை இழுத்துப் பிடிச்சிருக்குது.” என் பக்கம் திரும்பினாள். “நாச்சிமுத்தண்ணா, துவைக்காத பனியன் துணி நனைஞ்சா சுருங்கும்னு பாலு குடிக்கற குழந்தைக்குத் தெரியும். எத்தனை வருசமுங்க பனியன் கம்பெனில இருக்கறீங்க?”

இருபத்தொரு வருஷம். அந்தக் கம்பெனியில் முந்நூறு பேருக்கு வேலையே துணி சுருங்காமல் பார்த்துக்கொள்வதுதான். மற்ற இரண்டு வண்டிகளும் ஈரத்தில் போகாததால் அவற்றில் கட்டிய துணி சும்மா கிடந்தது. அவளுடைய வழியில் மட்டும் குட்டை இருந்தது.

“தப்பு என்னுதுங்க,” என்றேன். ரிஜிஸ்டரை எடுத்து, இரண்டு கையெழுத்துக்கும் கீழே, ‘வண்டியில் குறை இருந்தது. குறையைக் கட்டியவன் நான்’ என்று எழுதி, அதற்கும் கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் நான் ஒரே தரம் சரிபார்த்த கையெழுத்து அதுதான்.

சிவசாமி அதைப் படித்தார். பேனாவை எடுத்தார். துடைத்தார். முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“இனிமே பயம் வந்தா எங்கிட்டச் சொல்லுங்க. வண்டியில கட்டாதீங்க,” என்றார். பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு, “மணி ரெண்டாச்சு. வாங்க, மூணு பேரும் சாப்பிடலாமுங்க. நீங்களும் வாங்க கண்ணு, அந்த ட்ரிப் அப்புறம் போலாமுங்க,” என்றார்.

அவர் வாயில் அந்தச் சொல்லுக்குச் சோறு என்று மட்டும் அர்த்தம் வந்ததை அன்றுதான் கேட்டேன். கேண்டீனில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டோம். நான் மட்டும் அது நிஜமாகவே சோறுதானா என்று கடைசி வாய் வரை சந்தேகப்பட்டேன்.

ஈஸ்வரி செக்கிங்குக்குப் போகவில்லை. இன்றைக்கு அந்தக் காம்பவுண்டில் ஓடும் பேட்டரி வண்டிகளுக்கெல்லாம் அவள்தான் இன்சார்ஜ்.

கோழிப்பண்ணைக்காரருக்குத் தனியாகச் சுருக்கி எழுதிய தாளை நான் ஐந்து தரம் படித்துவிட்டு, ஆரிஃபிடம் கொடுத்து, பண்ணைக்கு அனுப்பும் முன் ஈஸ்வரியிடம் காட்டச் சொன்னேன். பன்னிரண்டு வரி எழுதியிருந்தேன். கடைசி வரி: ‘கவர்னர் லிவரில் எக்காரணம் கொண்டும் துணி கட்டக் கூடாது.’ நேற்று அந்தத் தாளைப் படம் பிடித்து ஆரிஃப் எனக்கு அனுப்பினான். என் வரிக்குக் கீழே பச்சை மையில் ஈஸ்வரியின் கையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது:

‘கட்டியே தீர வேண்டும் என்று தோன்றினால், துணியை மூன்று தரம் துவைத்துக் காயவைத்த பிறகு கட்டவும்.’